காலை பத்து மணிக்கு அழுகை

விவாகரத்தான ஜோடி ஒரே கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் அந்தம்மா கடைசிப் பந்திக்குக் காத்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் கை கழுவப் போய்விடாதபடி நடுவில் யாராவது ஒரு பெரியப்பா காவல் காப்பார். 1981-ல் ஸ்டாக்ஹோமில் இப்படி இரண்டு ஜோடிகள் இருந்தார்கள். காவலுக்குப் பெரியப்பா இல்லை. நால்வரும் ஒரே கட்டடத்துக்கு வேலைக்குப் போனார்கள், ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். பார்த்த வேலை என்ன தெரியுமா? தங்கள் கல்யாணம் எப்படிக் கெட்டது என்பதைப் பாட்டாக்குவது. வரிகள் ஒரு முன்னாள் கணவருடையவை. மெட்டில் பெரும் பங்கு இன்னொரு முன்னாள் கணவருடையது. பாடியவர் ஒரு முன்னாள் மனைவி, கூடச் சேர்ந்து குரல் கொடுத்தவர் மற்றொரு முன்னாள் மனைவி.

குழுவின் பெயர் அபா. அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி வெளியான ஆல்பத்தின் பெயர் 'தி விசிட்டர்ஸ்'.

இவ்வளவு இருட்டான ஆல்பத்தைப் போட்டவர்கள் ஏழு வருஷத்துக்கு முன்னால் எந்தக் கோலத்தில் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் இதிலுள்ள வேடிக்கை முழுசாக விளங்கும். 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம், யூரோவிஷன் பாட்டுப் போட்டி. ஸ்வீடன் சார்பில் 'வாட்டர்லூ' என்ற பாட்டு. வாட்டர்லூவில் தோற்றவர் யாரோ அவரைப் போலவே தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டு வந்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினார் ஸ்வென்-ஊலோஃப் வால்டோஃப். வாட்டர்லூவில் ஜெயித்த பிரிட்டன் இந்தப் பாட்டுக்குப் போட்ட மதிப்பெண் பூஜ்யம். அப்படியும் அபாவே ஜெயித்தது. நெப்போலியனுக்கு நூற்றைம்பத்தொன்பது வருஷம் கழித்துக் கிடைத்த ஆறுதல் பரிசு என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று அவர்கள் போட்டிருந்த உடுப்பைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளி பூட்ஸ், சாட்டின், சங்கிலி, கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு. பிற்காலத்தில் அவர்கள் தரப்பிலிருந்தே ஒரு விளக்கம் வந்தது: ஸ்வீடன் வரிச் சட்டப்படி, தெருவில் அணிந்துபோக முடியாத உடையாக இருந்தால்தான் அதைத் தொழில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே எந்த உடையைப் போட்டால் தெருநாய் துரத்துமோ அதைத் தேடித் தைத்தார்கள். ஒரு தேசத்தின் வருமான வரி விதி உலகத்தின் கண்ணை இப்படி உறுத்தியதாக எனக்கு வேறு உதாரணம் ஞாபகம் வரவில்லை.

பெயர்? அபா என்ற பெயரில் ஸ்வீடனில் ஏற்கெனவே ஒரு மீன் டப்பா கம்பெனி இருந்தது. ஹெர்ரிங் மீனை ஊறவைத்து அடைத்து விற்பவர்கள். குழுவின் மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சன் முறையாக அவர்களிடம் போய் அனுமதி கேட்டார். எங்கள் பெயரைக் கெடுக்காமல் நடந்துகொண்டால் சரி என்று மீன்காரர்கள் பெருந்தன்மையாகச் சம்மதித்தார்கள். உள்ளூர் இடதுசாரி இசைக்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. நாட்டில் வர்க்கப் போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இதென்ன மினுக்கல் என்று கொதித்தார்கள். 1975-ல் போட்டி ஸ்டாக்ஹோமுக்கே வந்தபோது எதிர்ப்பு விழா நடத்தினார்கள். அடுத்த வருஷம் ஸ்வீடன் போட்டியிலேயே கலந்துகொள்ளவில்லை. அபாவின் பாட்டில் அரசியல் இல்லை என்பது அவர்கள் குறை. கடைசியில் அரசியல் வந்தது. வந்தது சோவியத் எதிர்ப்பு. அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

குடும்ப விவகாரத்துக்கு வருவோம். பியோர்ன் உல்வேயஸ், அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கூக் கல்யாணம் 1971-ல். பென்னி ஆண்டர்சனும் ஃப்ரீடாவும், அதாவது ஆனி-ஃப்ரிட் லிங்ஸ்டாட்டும், பல வருஷம் சேர்ந்து வாழ்ந்து, அவசரமே இல்லாமல் 1978 அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் முதல் ஜோடி பிரிந்தது. ஒரு ஜோடி உள்ளே நுழைய, இன்னொரு ஜோடி வெளியே போக, வாசலில் நெரிசல்.

ஸ்வீடன் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளாத தேசம். அங்கே விவாகரத்துச் சட்டத்தை எளிதாக்கித் திருத்தினார்கள், திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1974 ஜனவரியில். யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஒருவருக்கு வேண்டாம் என்றால் போதும். குழந்தை இருந்தால் ஆறு மாதம் யோசிக்க அவகாசம். கொலைக் குற்றம்போல் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா எல்லாம் இல்லாமல் பிரிய முடிந்தால் மனிதர்கள் எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வார்கள் என்பதற்கு அபாவே அத்தாட்சி. அல்லது, சண்டை போட வேண்டிய இடத்தில் போடாவிட்டால் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு.

அது பாட்டில் போய் ஒளிந்துகொண்டது. 1980-ல் பியோர்ன் ஒரு பாட்டில் மதுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' எழுதினார். ஜெயித்தவருக்கே எல்லாம், தோற்றவர் ஓரமாய் நின்று பார்க்கவேண்டும் என்று ஒரு பெண் புலம்பும் பாட்டு. அதைப் பாட அக்னெத்தாவிடம் கொடுத்தார். இது எங்கள் கதை இல்லை, கற்பனை, நிஜத்தில் யாரும் ஜெயிக்கவில்லை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். அக்னெத்தா பாடியதைக் கேட்டவர்கள் யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

நம் சினிமாவில் கவிஞரிடம் டைரக்டர் சிச்சுவேஷன் சொல்வார். ஹீரோ விட்டுவிட்டுப் போயிட்டான் சார், ஹீரோயின் தனியா இருக்கா, வெளியே மழை. கவிஞர் மோட்டுவளையைப் பார்ப்பார். ஸ்டாக்ஹோமின் போலார் ஸ்டூடியோவில் சிச்சுவேஷன் சொல்ல ஆளே தேவைப்படவில்லை. சிச்சுவேஷன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

1981-ஐ மாதவாரியாகப் பார்த்தால்தான் சுவாரசியம். ஜனவரி 6: பியோர்னுக்கு லேனா என்பவரோடு இரண்டாவது கல்யாணம். ஜனவரி 25: மேனேஜர் ஸ்டிக்குக்கு ஐம்பது வயது பூர்த்தி. நால்வரும் சேர்ந்து அவருக்காக ஒரு பாட்டுப் பதிவு செய்து, பழைய யூரோவிஷன் உடுப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வாழ்த்துப் படமும் பிடித்தார்கள். தட்டு இருநூறே பிரதி. பிரிந்த ஜோடி ஒன்று, பிரியப்போகும் ஜோடி ஒன்று, வெள்ளி பூட்ஸ் போட்டுக்கொண்டு முதலாளிக்கு ஹேப்பி பர்த்டே. பிப்ரவரி: பென்னியும் ஃப்ரீடாவும் பிரிவதாக அறிவிப்பு. மார்ச்: புது ஆல்பத்தின் ரெக்கார்டிங் ஆரம்பம். ஏப்ரல்: அமெரிக்க டிவிக்காரர் டிக் கேவட் ஸ்டாக்ஹோமுக்கு வந்து, நால்வரையும் வரிசையாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். சிரித்துப் பேசி, பார்வையாளர்கள் முன்னால் பாடியும் காட்டினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவருக்கே டிபன் கொடுத்து அனுப்பியதுபோல் ஆகிவிட்டது அந்த நிகழ்ச்சி.

மார்ச்சில் முதலில் எடுத்த பாட்டுகளில் ஒன்று 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்'. பென்னி–ஃப்ரீடா பிரிவைப் பற்றியது. எழுதியவர் பியோர்ன். அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஃப்ரீடாவைப் பாடவைப்பதற்கு முன்னால் உனக்குச் சம்மதம்தானா என்று கேட்டுக்கொண்டாராம். அந்த மட்டுக்கும் பண்பு. பாட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. இளமை கழிந்துவிட்ட இருவர், இனி குறை சொல்லி ஆகப்போவதில்லை என்று நேராக நின்று பார்க்கிறார்கள். மெட்டோ ஆடத் தூண்டும் மெட்டு. பாப் இசையில் முப்பத்தைந்து வயதுப் பெண் முப்பத்தைந்து வயதுப் பெண்ணாகவே பாடுவது அன்றைக்கு அபூர்வம். பாவாடையும் ரிப்பனுமாய் எத்தனை பேர் கடைசி வரை பதினெட்டிலேயே நின்றுவிட்டார்கள்! ஃப்ரீடா அந்தப் பாட்டை, தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பாடுகிறார். பியோர்ன் சமாதானமாய் எழுதியிருந்த இடத்தில் அவர் குரல் சமாதானமாய் இல்லை. அடுத்தவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்திப் போட்டால் பேப்பர் கிழியுமே, அந்த அழுத்தம்.

இங்கே வம்பு பேசாமல் இருக்க முடியவில்லை. இந்தச் சோகத்தையெல்லாம் தயாரித்த இரண்டு ஆண்களும் அப்போது எப்படி இருந்தார்கள்? நன்றாக இருந்தார்கள். பியோர்ன் புது மாப்பிள்ளை. பென்னி, மோனா என்ற டிவி அறிவிப்பாளரை விரும்பினார், அந்த வருஷம் முடிவதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது. இரண்டு வீட்டிலும் 1982 ஜனவரியில் குழந்தை பிறந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆல்பத்தின் துயரமான பாட்டுகளைச் செதுக்கிக்கொண்டிருந்த வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, செதுக்கிய இருவரின் வீட்டிலும் தொட்டில் வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தனியாக வீட்டுக்குப் போனவர்கள் பாடியவர்கள். தனிமையைப் பற்றி எழுதியவர்கள் ஜோடியாகப் போனார்கள். உலகத்தில் பெண் குரலில் அழுத கவிதைகளில் பாதிக்குமேல் மீசை வைத்தவர்கள் எழுதியவைதான் என்றாலும், எழுதியதை அதே பெண்ணிடமே கொண்டுபோய் நீட்டும் துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடாது.

'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' இந்தக் குற்றச்சாட்டுக்குக் கொஞ்சம் வெளியே நிற்பது. பியோர்ன்–அக்னெத்தா மகள் லிண்டா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கையசைத்துவிட்டுப் போவதைப் பார்த்து, பியோர்னுக்கு மனசு கலங்கி எழுதியது. அப்பா பார்த்ததை அம்மாவின் பாட்டாக மாற்றி அக்னெத்தாவிடம் கொடுத்தார். இந்தத் தடவை சோகம் இருவருக்கும் சொந்தம் என்பதால் பங்கு பிரிப்பதில் தகராறு இல்லை. குழந்தை வளர்ந்து கையை விட்டுப் போவதை நினைத்து உருகும் இந்தப் பாட்டை ஜப்பானில் கோக-கோலா கம்பெனி விளம்பரத் தட்டாக வெளியிட்டது. பெற்ற வயிறு கலங்கும்போது குடிக்க ஏதாவது வேண்டாமா?

மார்ச்சில் ஆரம்பித்தவற்றில் 'டூ ஃபார் த ப்ரைஸ் ஆஃப் ஒன்' என்றும் ஒன்று உண்டு. ரயில்வே ஸ்டேஷனில் எடுபிடி வேலை பார்க்கும் தனிக்கட்டை ஒருவன், துணை தேடும் விளம்பரத்தைப் பார்க்கிறான். ஒன்றுக்கு இரண்டு என்கிறது விளம்பரம். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போன் போட்டால், அந்த இன்னொருத்தி அவளுடைய அம்மா. கடைசியில் பேண்டு வாத்தியம். பாடியவர் பியோர்னே. எல்லோரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மாமா மட்டும் ஜோக் சொல்லிக்கொண்டிருப்பாரே, இந்த ஆல்பத்தில் இந்தப் பாட்டின் வேலை அது. எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்பது பாட்டில் ஆண் குரல் முன்னால் நின்ற ஒரே பாட்டு ஏமாந்த ஆணைப் பற்றிய கேலி என்பதைக் கவனிக்கலாம். துக்கம் பெண்களிடம், நகைச்சுவை நம்மிடம். சரிதான்.

மூன்று பாட்டு முடிந்த நிலையில் ஸ்டூடியோவுக்கு ஒரு புது விருந்தாளி வந்தது. முப்பத்திரண்டு டிராக் கொண்ட 3எம் டிஜிட்டல் ரெக்கார்டர். போலார் ஸ்டூடியோ 1978-ல் திறந்தது, அந்த வருஷக் கடைசியில் லெட் ஸெப்லின் குழுவே லண்டனிலிருந்து அங்கே வந்து ஆல்பம் பதிவு செய்துவிட்டுப் போனது. சாதனம் என்றால் முதல் ஆளாக வாங்கிவிடும் இடம். வாங்கியாயிற்று. இத்தனை வருஷம் குரல்மேல் குரல் அடுக்கி, நாடாவின் வேகத்தை ஒரு இழை மாற்றி, இரண்டு பெண்களை இருபது பெண்களாக்கிக் காட்டியவர் என்ஜினியர் மைக்கேல் ட்ரெட்டோவ். நாடாவின் இதமான இரைச்சலில்தான் அந்த மாயம் நடந்தது. புது யந்திரத்தில் இரைச்சலே இல்லை. எல்லாம் கழுவித் துடைத்த மாதிரி சுத்தம், விளிம்புகள் கத்தியாய் நின்றன. அவருக்கு அது சங்கடம். ஆல்பத்துக்கு லாபம். நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் பாடுவது அந்தச் சுத்தத்தில்தான் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

இனி தலைப்புப் பாட்டு. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கவேண்டும்.

கீழே ஒரே சுருதியில் சிந்தசைசர் முனகிக்கொண்டிருக்க, ஃப்ரீடாவின் குரல் எங்கேயோ சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காது ஒரு கணம் தம்புரா என்று ஏமாறும். வீட்டுக்குள் ஒரு பெண். காலிங் பெல் அடிக்கிறது. அவள் திறப்பதாயில்லை. நண்பர்கள் வந்தால் எப்படித் தட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், இது அவர்கள் இல்லை. சோவியத் நாட்டில் ரகசியமாய்க் கூடிப் பேசிய அதிருப்தியாளர்களை மனதில் வைத்து எழுதியது என்று பியோர்ன் பிறகு சொன்னார். அபாவின் 'டான்சிங் குவீன்' கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியைச் சோதித்து, கடைக்காரன் வேறு எதையோ கட்டிக் கொடுத்துவிட்டானோ என்று நிச்சயம் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இதை ஃப்ரீடா பாடியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அவர் பிறந்தது நார்வேயில், 1945 நவம்பரில். அம்மா நார்வேக்காரி. அப்பா ஆக்கிரமிக்க வந்த ஜெர்மன் ராணுவத்தைச் சேர்ந்தவர், போர் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். எதிரியின் குழந்தைக்கும் அதைப் பெற்றவளுக்கும் நார்வேயில் அன்று என்ன மரியாதை கிடைத்தது என்பது அந்த நாட்டு வரலாற்றின் அழகில்லாத பக்கம். பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்வீடனுக்கு வந்துவிட்டார். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் அம்மா இறந்துபோனார். அப்பா செத்துவிட்டதாகவே நினைத்து வளர்ந்தவர், உலகப் புகழெல்லாம் வந்த பிறகு, 1977-ல், ஒரு ஜெர்மன் பத்திரிகைக் கட்டுரையின் புண்ணியத்தில் அவர் உயிரோடு இருப்பது தெரிந்து சந்தித்தார். கதவைத் தட்டுவது யாராக இருந்தாலும் தலைகீழாய்ப் போகும் என்பது அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்துத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. ஆல்பத்தில் பியோர்னின் பேனா தேவைக்கு மிஞ்சிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

ஆல்பம் இன்னும் ஸ்டூடியோவை விட்டு வெளியே வரவில்லை. அக்டோபர் 27-ஆம் தேதி, அழைப்பில்லாத விருந்தாளியாக, ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஸ்வீடனின் தென்கிழக்குக் கரையில், கார்ல்ஸ்க்ரூனா கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில், பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோவியத் கப்பல் வந்திருக்கிறது என்று தளத்துக்குச் சொல்ல ஒரு மீனவர் வேண்டியிருந்தது. திசைகாட்டும் கருவி பழுதாகி வழிதவறிவிட்டோம் என்றார் கேப்டன். வழிதவறி அந்த இடத்துக்கு வரவேண்டுமானால் தீவுகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் வளைந்து வளைந்து வரவேண்டும். அவ்வளவு துல்லியமாக யாரும் வழிதவறியதில்லை. கப்பலின் வகைக்கு நேட்டோ வைத்திருந்த சங்கேதப் பெயர் விஸ்கி. பாறைமேல் விஸ்கி என்று பத்திரிகைகள் பாட்டிலைத் திறந்தன. ஸ்வீடன்காரர்கள் கருவியை நீட்டி அளந்ததில் யுரேனியத்தின் தடயம் தெரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. நவம்பர் 6-ஆம் தேதி இழுத்து விட்டார்கள். அபாவுக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தைச் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் நினைத்திருந்தாலும் செய்து கொடுத்திருக்க முடியாது. ஆல்பம் வந்து இரண்டு வாரத்துக்குள் போலந்தில் ராணுவச் சட்டம். ஜனவரிக் கடைசியில், போலந்துக்கு ஆதரவாக அமெரிக்கா ஒளிபரப்பிய டிவி நிகழ்ச்சியில் ஃப்ராங்க் சினாட்ரா போன்றவர்கள் வரிசையில் அபாவும் வந்து நின்றார்கள். மினுக்கல்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு இது போதாதா?

'சோல்ஜர்ஸ்' அதே போர்ப் பயத்தை இன்னும் நேரடியாகச் சொல்வது, அதனாலேயே கொஞ்சம் சப்பை. 'ஐ லெட் த மியூசிக் ஸ்பீக்' நாடக மேடைக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கும். விண்ணப்பம் பலித்தது: டிசம்பரில் பாடலாசிரியர் டிம் ரைஸ் ஸ்டாக்ஹோமுக்கு வந்து, பனிப்போர் காலத்துச் சதுரங்க வீரர்களைப் பற்றி ஒரு மேடை நாடகம் எழுதலாமா என்று ஆண்கள் இருவரையும் கேட்டார். 'செஸ்' அப்படிப் பிறந்தது. அதிலும் ஒரு ஆணைப் பற்றி இரண்டு பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டு உண்டு, பிரிட்டனில் முதலிடம் வந்தது. சில கடைகளில் எத்தனை தடவை போர்டு மாற்றினாலும் சரக்கு அதேதான்.

'ஒன் ஆஃப் அஸ்' பாட்டுக்கு எடுத்த படத்தில் அக்னெத்தா தனியாகப் புது ஃப்ளாட்டுக்குக் குடி வருகிறார். பெட்டியைப் பிரிக்கிறார், சாமான்களை நகர்த்துகிறார், விட்டுவந்தவனை நினைத்து வருந்துகிறார். பிரிந்தது தன் தப்பு என்று பெண் உணர்ந்து கட்டிலில் விசும்புவதாகப் பாட்டு. எழுதியவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. படத்தை இயக்கியவர் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரம். அபாவின் பெரும்பாலான பாட்டுப் படங்கள் அவருடையவைதான். இவர்களை இரண்டு பேர் பக்கவாட்டிலும் இரண்டு பேர் நேராகவும் நிறுத்திவைத்து எடுத்து எடுத்து அலுத்துப்போய்ப் பிற்பாடு ஹாலிவுட் போனார். 2014-ல் அவர் இயக்கிய 'தி ஹண்ட்ரட்-ஃபுட் ஜர்னி'க்கு இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான். அக்னெத்தாவின் வாடகை வீட்டிலிருந்து கோடம்பாக்கத்துக்கு இவ்வளவுதான் தூரம்.

கடைசிப் பாட்டு 'லைக் அன் ஏஞ்சல் பாசிங் த்ரூ மை ரூம்'. அதைச் சும்மா விடவில்லை, பெயரை மாற்றினார்கள், வரியை மாற்றினார்கள், ஒரு கட்டத்தில் டிஸ்கோவாகக்கூட அடித்துப் பார்த்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டிக் டிக் என்று ஒரு கடிகாரம், பென்னியின் சிந்தசைசர், ஃப்ரீடாவின் ஒற்றைக் குரல். அக்னெத்தா இல்லை, கோரஸ் இல்லை. அபாவின் முத்திரையே இரண்டு பெண் குரல்களும் கலந்து எழும் அந்த மினுமினுப்புதான். அது இல்லாத ஒரு பாட்டைக் கடைசியில் வைத்து ஆல்பத்தை மூடியது, வெளியே சொல்லாத ராஜினாமாக் கடிதம்.

அட்டைப் படத்தையும் பார்த்துவிடுங்கள். வடிவமைப்பாளர் ரூனே ஸோடர்க்விஸ்ட், இந்தக் கடைசிப் பாட்டின் தேவதையைப் பிடித்துக்கொண்டு, ஸ்கான்சென் திறந்தவெளி மியூசியத்தில் யூலியுஸ் க்ரூன்பெர்க் என்ற பழைய ஓவியரின் கூடத்துக்கு நால்வரையும் கூட்டிப்போனார். பின்னால் பிரம்மாண்டமாய் ஈராஸ், காதல் தெய்வம், சிறகோடு. அதன் கீழே, சிவப்பும் கறுப்புமான இருட்டில், நான்கு பேர் நான்கு மூலையில். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மன்மதன் படத்துக்குக் கீழே விவாகரத்தானவர்களை நிறுத்திப் படம் எடுக்கும் யோசனை ஒருவருக்கு வந்து, அதை மற்ற ஐந்தாறு பேர் ஆட்சேபிக்காமல் சம்மதித்திருக்கிறார்கள். ஸ்வீடன்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்பவர்கள் இந்த அட்டையைப் பார்க்காதவர்கள்.

விற்பனை? பிரிட்டனில் ஆல்பம் முதலிடம். 'ஒன் ஆஃப் அஸ்' அங்கே மூன்றாம் இடம், ஜெர்மனியில் முதலிடம். அடுத்து பிப்ரவரியில் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' விட்டார்கள். 1975-லிருந்து வரிசையாகப் பதினெட்டு பாட்டு பிரிட்டனில் முதல் பத்துக்குள் போயிருந்தன. இது இருபத்தைந்தில் நின்றது. கொண்டாட்டமான பாட்டுக்குத்தான் அந்த அடி என்பது கவனிக்கத்தக்கது.

ஃப்ரீடா தலைமுடியைக் கட்டையாக வெட்டிச் சிவப்பாக்கிக்கொண்டு, தனி ஆல்பம் போடக் கிளம்பினார். தயாரிப்பாளராக அவர் தேடிப் பிடித்தவர் ஃபில் காலின்ஸ். தன் கல்யாணம் முறிந்த ஆத்திரத்தை அப்போதுதான் ஒரு ஆல்பமாக்கி உலகம் முழுக்க விற்றிருந்தவர். ஃப்ரீடா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். விவாகரத்து விஷயத்தில் அனுபவசாலியாய்ப் பார்த்து வேலைக்கு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்தத் தடவை எதிர்த் தரப்பு இல்லை.

1982 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஜெர்மனியில் ஹானோவர் பக்கம் லாங்கென்ஹாகன் ஆலையில் சிடி என்ற புதுச் சாமானை வணிகத்துக்காக அச்சிட ஆரம்பித்தார்கள். பிலிப்ஸ் கம்பெனியின் கணக்குப்படி முதலில் வெளிவந்த தட்டு 'தி விசிட்டர்ஸ்'. கீறல் விழாது, தேயாது, காலத்துக்கும் நிற்கும் என்று விளம்பரம் செய்த பொருளில் முதன்முதலாக அவர்கள் பொறித்துவைத்தது இரண்டு கல்யாணங்கள் தேய்ந்துபோன கதை. மூன்று நாள் கழித்து ஸ்டாக்ஹோமில் 'தி டே பிஃபோர் யூ கேம்' பதிவு. அது ஒரு தனிக் கட்டுரைக்கான சரக்கு. டிசம்பர் 11-ஆம் தேதி பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சி ஒன்றில் சாட்டிலைட் வழியாக நால்வரும் தோன்றினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிரிகிறோம் என்று அறிவிக்கவே இல்லை. இரண்டு விவாகரத்தை அறிவித்துக் களைத்தவர்கள் மூன்றாவதை அறிவிக்கச் சோம்பல்பட்டார்கள் போலும்.

நாற்பது வருஷம் இடைவெளி விட்டு, 2021 நவம்பரில், அடுத்த ஆல்பம் வந்தது. 'வாயேஜ்'. பியோர்னுக்கு எழுபத்தாறு வயது, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இனியாவது மனிதர் பழைய கணக்கை மூடியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்போம். அதில் 'கீப் அன் ஐ ஆன் டேன்' என்று ஒரு பாட்டு. விவாகரத்தான ஒரு அம்மா, வார இறுதிக்கு மகனை முன்னாள் கணவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பையனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, காரில் உட்கார்ந்து உடைந்துபோகிறாள்.

பாடியவர் அக்னெத்தா.